பீச் ரீடா, லவ் ஹைப்பாதெசிஸா: எதை முதலில் எடுப்பது?

காட்பாடியில் பயோடெக்னாலஜியில் ஆராய்ச்சி செய்யும் குடியாத்தத்துப் பெண் ஒருத்தி கேட்டது இது: "அக்கா, 'தி ஹேட்டிங் கேம்'னு ஒரு இங்கிலீஷ் காதல் நாவல் படிச்சு முடிச்சிட்டேன். இப்ப வேற எந்தப் புத்தகமும் மனசுல ஒட்ட மாட்டேங்குது. ஸ்டைபண்ட் வந்ததும் ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். லேப்ல கூட இருக்கிறவ 'தி லவ் ஹைப்பாதெசிஸ்' வாங்கு, அது உன் கதையேதான்னு சொல்றா. ரூம்மேட் 'பீச் ரீட்'தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எதை வாங்கட்டும்? இங்கிலீஷ் கஷ்டமா இருக்குமா? ஊருக்கு எடுத்துட்டுப் போனா அம்மா கண்ணுல படலாமா?"

'பீச் ரீட்' வாங்கு, தங்கச்சி. இரண்டும் நல்ல புத்தகங்கள்தான், இரண்டையும் நீ எப்படியும் படித்துவிடுவாய். ஆனால் முதலில் எது என்று கேட்கிறாய், ஒன்றுக்குத்தான் பணம் என்கிறாய். அதற்கு என்னிடம் தெளிவான விடை இருக்கிறது. வேலூரில் ஒரு மகளிர் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். ரெக்கார்டு நோட்டுக்குப் போடுகிற பழுப்பு அட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் காதல் நாவல் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். எதை மறுநாளே திருப்பிக் கொண்டுவருகிறார்கள், எதைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். மறுநாளே திரும்பி வருவது மோசமான புத்தகம் என்று அர்த்தமில்லை. ஆர்வத்தில் ஒரே மூச்சாகப் படித்திருப்பார்கள். ஆனால் புதுப்பித்து வைத்துக்கொள்கிற புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் யோசிக்க ஏதோ மிச்சம் இருக்கிறது. 'பீச் ரீட்' அந்த வகை.

முடிந்தவரை கதையின் முடிச்சை அவிழ்க்காமல் சொல்கிறேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அது வரும்போது ஏன் என்று உனக்கே புரியும்.

காதல் நாவலில் முடிவு யாருக்கும் ரகசியமில்லை. அமெரிக்காவின் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு வகுத்த இலக்கணத்தில் இருப்பதே இரண்டு விஷயங்கள்தான்: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ஆக, அவர்கள் சேருவார்களா என்று கேட்டு ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்க முடியாது. சேரத்தான் போகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இருவருக்கும் நடுவில் நிற்பது எது?

நம் அகப்பாட்டு இரண்டாயிரம் வருஷமாக இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. அங்கே தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கூடக் கிடையாது. பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே சொல்கிறது. பாட்டுக்குப் பாட்டு மாறுவது நடுவில் நிற்கும் தடைதான். தாய்க்குச் சந்தேகம் வந்து மகளை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டாள். ஊர் அலர் தூற்றுகிறது. அவன் பொருள் தேடிப் பாலை வழியே போய்விட்டான், கார்காலம் வந்தும் வரவில்லை. பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பியவனுக்கு அவள் வாயில் மறுக்கிறாள். அந்தத் தடை எவ்வளவு நிஜமோ அவ்வளவுதான் பாட்டின் கனமும். நாவலுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறேன். ஸ்டார் எத்தனை, எத்தனை லட்சம் பேர் படித்தார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான்.

இந்த அளவுகோலோடு முதலில் உன் லேப் தோழி சொன்ன புத்தகத்தைப் பார்ப்போம்.

'தி லவ் ஹைப்பாதெசிஸ்' 2021இல் வந்தது. எழுதிய ஆலி ஹேசல்வுட் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அது அவருடைய புனைபெயர். இணையத்தில் 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் எழுதிக்கொள்கிற கதைகளில் ஒன்றாகத் தொடங்கிப் பிறகு நாவலாக வளர்ந்தது. ஆலிவ் ஸ்மித் ஸ்டான்ஃபோர்டில் உயிரியல் ஆராய்ச்சி மாணவி, மூன்றாம் வருஷம். கணையப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி என்பது அவள் ஆய்வு. அவளுடைய அம்மா அதே நோயில்தான் இறந்தார். அவளுடைய தோழி ஆனுக்கு ஜெரமி மேல் ஆசை. ஆனால் ஆலிவ் அவனோடு கொஞ்ச நாள் பழகியிருக்கிறாள் என்பதால் ஆன் தயங்குகிறாள். 'எனக்கு வேறு ஆள் இருக்கிறான்' என்று தோழியை நம்ப வைக்க, ராத்திரி காரிடாரில் கண்ணில் பட்ட முதல் ஆளுக்கு ஆலிவ் முத்தம் கொடுத்துவிடுகிறாள். அவர் ஆடம் கார்ல்சன், மாணவர்களை அழவைப்பதில் பேர்போன பேராசிரியர். அவருக்கும் ஒரு சிக்கல்: வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவாரோ என்று நிர்வாகம் அவருடைய ஆய்வு நிதியை முடக்கி வைத்திருக்கிறது. இங்கே காதலி இருக்கிறாள் என்று தெரிந்தால் நம்புவார்கள். ஆக, இருவரும் காதலர்களாக நடிக்க ஒப்புக்கொள்கிறார்கள். புதன்கிழமைதோறும் பத்து நிமிஷம் காபி, செப்டம்பர் 29 வரை.

ஒப்பந்தக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்து பிறகு நிஜமாகவே காதலிக்கும் கதையை நம் குடும்ப நாவல்களில் எத்தனையோ பார்த்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்த மாத நாவல்களில் பாதி இந்தக் கதைதான். உன் அம்மாவுக்கும் இது நன்றாகத் தெரிந்திருக்கும். எனக்கு இந்த அமைப்பு பிடிக்கும். நடிக்கும்போதுதான் ஒருவரை ஒருவர் கூர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது. கவனிக்க ஆரம்பித்தால் பிடித்துப்போகிறது. ஹேசல்வுட் இதை ரொம்ப லாவகமாகச் செய்கிறார். ஆராய்ச்சி உலகம் அவருக்குக் கைவந்த இடம். தன் லேபில் இல்லாத வசதிக்காக முன்பின் தெரியாத விஞ்ஞானிகளுக்கு மெயில் மேல் மெயில் போடுவது, பதில் வராமல் காத்திருப்பது, கருத்தரங்குக்குப் போக இருக்கிற காசை எண்ணி அறையைப் பகிர்ந்துகொள்வது, எல்லாம் உண்மையாக இருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பில் ஒரு கருதுகோள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்குப் படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும்.

இனி தடை. இங்கேதான் எனக்கு மனம் நிறையவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் ஆலிவுக்கும் ஆடமுக்கும் நடுவில் நிற்பது தப்பான அனுமானம் மட்டுமே. அவர் மனதில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று இவளும், இவள் மனதில் வேறு யாரோ என்று அவரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கதை முழுக்க ஆலிவின் பார்வையில் வந்தாலும் ஆடமின் மனசு நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரிய நூறு பக்கத்துக்கு மேல் ஆகிறது. அந்த நூறு பக்கத்தைச் சுவாரசியமான பேச்சு தாங்கிப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆலிவ் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு: அம்மா போனபிறகு அவளுக்கென்று யாரும் இல்லை, நேசிக்கிற யாரும் கடைசியில் போய்விடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நாவல் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டியிருந்தால் இது வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

உன் தோழி 'உன் கதையேதான்' என்று சொன்னாளே, அதையேதான் நான் இப்போதைக்குத் தள்ளிப்போடக் காரணமாகச் சொல்கிறேன். ஆடம் அவளுடைய கைடு இல்லைதான். துறையில் கேட்டுக்கொண்டுதான் பழகுகிறார்கள், நாவல் அந்த விஷயத்தில் பொறுப்போடு நடந்துகொள்கிறது. ஆனாலும் நீ இருக்கும் இடம் வேறு. இங்கே கைடின் ஒரு கையெழுத்தில் ஆறு மாசம் முன்னேயும் போகும், பின்னேயும் போகும். டாக்டரல் கமிட்டியில் ஒருவர் முகம் சுளித்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். அந்த உலகத்திலிருந்து கொஞ்ச நேரம் வெளியே வரத்தான் நீ நாவலைக் கையில் எடுக்கிறாய். பகலெல்லாம் பார்த்த லேபை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு மறுபடி ஏன் பார்க்க வேண்டும்?

முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்றேனே, அது இதுதான். நாவலின் பின்பகுதியில் ஒரு மூத்த ஆராய்ச்சியாளர் ஆலிவிடம் தவறாக நடந்துகொள்கிறார். வெளியே சொன்னால் உன்னை யார் நம்புவார்கள் என்று மிரட்டுகிறார்; அவளுடைய ஆய்வையே தட்டிப் பறிக்கப் பார்க்கிறார். காதல் கதை என்று சிரித்துக்கொண்டே போகிறவர்களுக்கு அந்த இடம் திடீரென்று நெஞ்சில் அடிக்கும். உனக்கோ, உன் கூட இருப்பவர்களுக்கோ அப்படி ஏதாவது நடந்திருந்தால், அந்த அத்தியாயத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்காதே. அந்தப் பகுதி நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்; ஆலிவ் அதிலிருந்து வெளியே வருவதும் நம்பும்படி இருக்கிறது. நம் நாட்டில் 2013 சட்டத்தின்படி பணியிடங்களில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் தனி விதிமுறையே கொண்டுவந்தது. உன் வளாகத்தில் அந்தக் குழுவில் யார் யார் என்பதை எந்தத் தேவையும் இல்லாத நாளிலேயே தெரிந்து வைத்துக்கொள். நாவலைப் பற்றிய பதிலில் இது எதற்கு என்று நினைக்காதே. அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை என் மேஜைக்கு வந்து நின்றதால் சொல்கிறேன்.

இப்போது 'பீச் ரீட்'.

எமிலி ஹென்றி எழுதி 2020இல் வந்தது. அதற்கு முன் அவர் இளம் வயதினருக்கான கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கு எழுதிய காதல் நாவல்களில் இது முதலாவது. கதாநாயகியின் பெயர் ஜனவரி. (முதல் சில பக்கங்களில் மாதமா மனுஷியா என்று குழம்பும், பழகிவிடும்.) வயது 29. காதல் நாவல் எழுதித்தான் பிழைக்கிறாள். அப்பா இறந்துபோகிறார். அவருடைய இறுதிச் சடங்கில்தான் தெரிய வருகிறது, அவருக்கு இன்னொரு பெண்ணோடு உறவு இருந்திருக்கிறது என்று. மிஷிகன் ஏரிக்கரையில் அந்தப் பெண்ணோடு வாழ ஒரு வீடே வைத்திருந்திருக்கிறார். அந்த வீட்டின் சாவி மகள் கைக்கு வருகிறது. காதலன் விட்டுப் போய்விட்டான், கையில் காசில்லை, பதிப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய நாவலில் ஒரு வரி கூட எழுத வரவில்லை. போக வேறு இடமில்லாமல் அந்த வீட்டுக்கே போய்ச் சேருகிறாள்.

பக்கத்து வீட்டில் அகஸ்டஸ் எவரெட், சுருக்கமாக கஸ். கல்லூரியில் அவளோடு எழுத்து வகுப்பில் போட்டி போட்டவன், இப்போது விமர்சகர்கள் கொண்டாடும் 'சீரியஸ்' எழுத்தாளன். அவனுக்கும் எழுத வரவில்லை. இருவரும் பந்தயம் கட்டுகிறார்கள்: அவள் அவனைப் போல இருட்டான நாவல் எழுத வேண்டும், அவன் அவளைப் போல சுகமான முடிவுள்ள காதல் கதை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அவன் அவளைத் தன் நாவலுக்கான ஆராய்ச்சிக்குக் கூட்டிப்போவான். ஒரு மத அமைப்பில் சிக்கி எல்லாவற்றையும் இழந்தவர்களைச் சந்திப்பார்கள். சனிக்கிழமைகளில் அவள் அவனைக் காதல் கதைக்குரிய இடங்களுக்குக் கூட்டிப்போவாள்.

உனக்கு 'தி ஹேட்டிங் கேம்' எதற்காகப் பிடித்தது? லூசியும் ஜோஷுவாவும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு வார்த்தையால் அடித்துக்கொள்வதற்காகத்தானே? அந்த ருசி இதில்தான் இருக்கிறது. ஜனவரியும் கஸ்ஸும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஜன்னல் வழியே பேப்பரில் எழுதிக் காட்டிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அடுத்தவருடைய எழுத்தை இருவரும் மட்டமாக நினைத்துக்கொண்டிருந்து, மெல்ல மெல்ல அதன் கஷ்டம் புரிகிறது. 'லவ் ஹைப்பாதெசிஸில்' இந்தச் சரிசமமான மோதல் இல்லை. அங்கே அவர் பேராசிரியர், இவள் மாணவி. இவள் சீண்டுவாள், அவர் உள்ளுக்குள் உருகிக்கொண்டு முறைப்பார். அதுவும் இனிப்புதான், ஆனால் நீ தேடுகிற காரம் இல்லை.

தடைக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். ஜனவரிக்கும் கஸ்ஸுக்கும் நடுவில் நிற்பது ஜனவரியின் அப்பா. அவர் அம்மாவை உயிராக நேசித்தார் என்று பார்த்து வளர்ந்தவள் அவள். அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது அப்பா பக்கத்தில் இருந்ததைப் பார்த்தவள். காதல் நிஜம், கடைசியில் எல்லாம் நல்லபடி முடியும் என்று அவள் எழுதிய எல்லா நாவல்களுக்கும் அவள் வளர்ந்த வீடுதான் ஆதாரம். அதுவே பொய் என்றால் இனி எதை எழுதுவாள், யாரை நம்புவாள்? கஸ் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியாது. ஒரு போன் போட்டால் தீருகிற அனுமானம் இல்லை இது. செத்துப்போனவரிடம் கேட்கவும் முடியாது. கஸ் பக்கத்திலும் இப்படித்தான்: அவனுடைய அப்பா வன்முறைக்காரர். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு ஒருவர் மேல் நம்பிக்கை வைப்பதே பெரிய வேலை.

நம் ஊரில் ஆணின் இரண்டாவது உறவை 'சின்ன வீடு' என்று சொல்லி, சினிமாவில் சிரிக்க வைத்துப் பழக்கிவிட்டார்கள். சங்கப்பாட்டில் மருதத்திணை முழுக்கப் பரத்தையிடம் போய் வருகிற தலைவன்தான். தலைவி ஊடுகிறாள், தோழி வாயில் மறுக்கிறாள், அவன் சின்ன மகனைத் தூக்கிக்கொண்டு அதைச் சாக்காக வைத்து வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான். அத்தனை பாட்டிலும் வளர்ந்த மகள் என்ன நினைத்தாள் என்று ஒரு குரலையும் நான் கேட்டதில்லை. ஹென்றி அந்த மகளை நடுவில் உட்கார வைக்கிறார். அதுவும் அந்த வீட்டுக்குள்ளேயே, அப்பாவோடு உறவிலிருந்த பெண் தேர்ந்தெடுத்த நாற்காலியில், அவள் வாங்கிய பாத்திரங்களுக்கு நடுவில். வடார்க்காட்டில் இப்படி ஒரு வீட்டின் கதை தெரியாத தெரு இல்லை. அந்தத் தெருக்களில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு இந்த நாவல் மிஷிகனைப் பற்றியது என்று தோன்றாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே கதையைப் பெண்ணை நடுவில் வைத்து எழுதினால் 'பெண்கள் படிக்கிற நாவல்' என்கிறீர்கள், ஆணை வைத்து எழுதினால் இலக்கியம் என்கிறீர்கள் என்று ஜனவரி ஒரு இடத்தில் கஸ்ஸிடம் வெடிக்கிறாள். நூலகத்தில் இருந்தபோது இதை நான் தினமும் கண்ணால் பார்த்தேன். மு.வ. நம் பழைய வடார்க்காடு மாவட்டத்துக்காரர், அவருடைய நாவல்களும் காதலையும் இல்லறத்தையும்தான் பேசின. கல்யாணத்துக்கு அவற்றைப் பரிசாகக் கொடுத்தார்கள், பாடமாக வைத்தார்கள், கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்தோம். அதே காதலையும் இல்லறத்தையும் எழுதிய பெண்களின் நாவல்கள் அட்டை கிழிந்து, மூலையில், பட்டியலில் கூடச் சேராமல் கிடந்தன. அந்த மூலையில்தான் பிள்ளைகள் கூட்டம். மு.வ.வை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவரை இன்றும் விரும்பிப் படிக்கிறேன். அந்த மூலைக்கும் ஒரு கண்ணாடி அலமாரி கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். 'பீச் ரீட்' படிக்கும்போது, நாம் ஏன் இதையெல்லாம் படிக்கிறோம் என்பதற்கு உனக்கே ஒரு பதில் கிடைக்கும். ராத்திரியில் ஒளித்து ஒளித்துப் படிக்கிறாய் என்றால் உனக்கு அந்தப் பதில் தேவை.

குறையும் உண்டு. அந்த மத அமைப்பைப் பற்றிய பகுதிகள் நடுவில் கொஞ்சம் இழுக்கும். கஸ் தன்னைப் பற்றிய முக்கியமான விஷயங்களைத் தேவைக்கு மேல் மறைத்து வைப்பதாகத் தோன்றும். அப்பாவின் விஷயம் கடைசியில் முடிகிற விதம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்காக இருந்தது. நிஜத்தில் இவ்வளவு விளக்கம் யாருக்கும் கிடைப்பதில்லை. ஆனாலும் அழுதேன்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. மிஷிகன் ஏரி என்றால் நம் ஏரி மாதிரி நினைத்துக்கொள்ளாதே. சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நன்னீர்தான், ஆனால் அக்கரை தெரியாது, மணல் கரை இருக்கும், அலை அடிக்கும். அதனால்தான் அங்கே உள்ளவர்கள் அதைக் கடற்கரையாகவே நினைக்கிறார்கள். பாலாற்றில் மணலை மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு, அதுவும் வேலூரில் வெயில் நாற்பதைத் தாண்டுகிற மாசங்களில், அந்தத் தண்ணீரைப் பற்றிப் படிப்பதே பெரிய ஆறுதல்.

ஆங்கிலம். 'லவ் ஹைப்பாதெசிஸ்' உனக்கு எளிது. பாதிக்கு மேல் பேச்சுதான், மற்ற சொற்களெல்லாம் உன் லேபில் புழங்குவது. 'பீச் ரீட்' ஜனவரியே சொல்கிற கதை. அவள் எழுத்தாளர் என்பதால் வர்ணனை அதிகம், கிண்டல் அதிகம், அமெரிக்க நாட்டுப்புறத்துச் சமாச்சாரங்களும் நிறைய. டிரைவ்-இன் தியேட்டர், வரிசையாக நின்று ஆடுகிற நடனம், இப்படி. முதல் மூன்று அத்தியாயம் மெதுவாகப் போகும். அகராதியைக் கையில் எடுக்காதே. தெரியாத சொல் இரண்டாவது முறை வரும்போது தானாகப் புரியும். 'ஹேட்டிங் கேம்' முடித்தவளுக்கு இது மலையில்லை. இரண்டு நாவலும் 350 பக்கத்தை ஒட்டித்தான் வரும்.

எப்போது என் பதிலை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாசம் சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்க வேண்டும், தலை வெடிக்கிறது, எதையும் யோசிக்க வைக்காத ஒன்று வேண்டும் என்றால் 'லவ் ஹைப்பாதெசிஸ்' வாங்கு. சமீபத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்திருக்கிறாய் என்றாலும் அதையே முதலில் படி. இரண்டிலும் சாவு இருக்கிறது, ஆனால் 'பீச் ரீட்' அந்தத் துக்கத்தோடு பக்கம் பக்கமாக உட்கார்ந்திருக்கும். ஆறாத புண்ணுக்கு அது தாங்காது. இந்த இரண்டும் இல்லையென்றால் நான் சொன்ன வரிசையே இருக்கட்டும். வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவாய் அல்லவா? 'லவ் ஹைப்பாதெசிஸை' அப்போதைக்கு வைத்துக்கொள். வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, எங்கே விட்டாலும் மறுபடி பிடித்துக்கொள்ளக்கூடிய புத்தகம் அது. 'பீச் ரீடுக்கு' ராத்திரியும் தனிமையும் வேண்டும்.

வாங்கும்போது பாதி விலை என்று நடைபாதையில் குவித்து வைத்திருப்பதை எடுக்காதே. பெரும்பாலும் திருட்டுப் பதிப்பு. மை மங்கியிருக்கும், பக்கம் மாறியிருக்கும், சிலதில் கடைசி அத்தியாயமே இருக்காது. எழுதியவருக்கும் ஒரு பைசா போகாது. காசு தட்டுப்பாடு என்றால் நல்ல பழைய பிரதியைத் தேடு, அல்லது ரூம்மேட்டும் நீயும் ஆளுக்கொன்று வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். அவள்தான் 'பீச் ரீட்' கட்சி ஆயிற்றே. அவளிடமே பிரதி இருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தால் இரவல் வாங்கிப் படித்துவிட்டு, உன் ஸ்டைபண்டை 'லவ் ஹைப்பாதெசிஸுக்கு' வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அம்மா. இரண்டிலும் படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவில்லாமல் இருக்கின்றன. 'லவ் ஹைப்பாதெசிஸில்' அது பின்பகுதியில் ஒரு நீண்ட அத்தியாயமாக வருகிறது. ஆலிவுக்கு ஒருவர் மேல் நம்பிக்கை வந்தால்தான் ஆசையே வரும். அவள் சம்மதத்தை ஆடம் ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்வதை ஹேசல்வுட் அழகாக எழுதியிருக்கிறார். 'பீச் ரீடில்' அங்கங்கே வரும். உனக்கு வயது இருக்கிறது, நீ படிப்பதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் அம்மாவோடு வீண் சங்கடம் வேண்டாம் என்றால் போனில் படி, அல்லது ரூமிலேயே விட்டுவிட்டுப் போ.

ஆனால் கதையை மட்டும் அம்மாவிடம் சொல்லு. குடும்ப நாவல் படித்த தலைமுறை, நம்மைவிட நன்றாகக் கேட்பார்கள். ஜனவரியின் அம்மாவும் அந்த நாவலில் இருக்கிறார். கணவருடைய விஷயம் அவருக்கு முன்பே தெரியும். மகள் எத்தனை முறை கேட்டும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்கிறார். அவர் செய்தது சரியா என்று உன் அம்மாவைக் கேள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.